சொந்த வாக்கியத்தில் அமைக்கவும்

கூளிப்பாளையத்தில், டயர் ரீட்ரெடிங் பட்டறைக்கு மேலே, ரப்பர் வேகும் வாடை படியேறி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும் அந்த ஓட்டு மாடியில், ஹெப்சிபா மிஸ் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைத் தொடங்கிய முதல் சாயங்காலம், கரும்பலகையில் டிரிசில் என்று எழுதி, பக்கத்தில் தூறல் என்று பொருளும் எழுதி, யாராவது ஒருத்தர் இதைச் சொந்த வாக்கியத்தில் அமைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்க, இட்லிக்கடை வள்ளியாத்தாள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "டுடே டிரிசில் கமிங் மிஸ்" என்றாள். அவள் உட்காருவதற்குள் ஓட்டின் மேல் பொறுபொறுவென்று தூறல் விழுந்தது. சித்திரை மாதம், வானத்தில் மேகமென்று சொல்ல ஒரு துணுக்குக் கிடையாது. அந்தத் தூறல் கோழிப் பண்ணைகள் மேலும் லாரிப் பேட்டை மேலும் மறுநாள் பூராவும் விழுந்து, மறுநாள் சாயங்காலம் மிஸ் டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்த கையோடு நின்றது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், காயப்போட்ட மிளகாயை அள்ளி உள்ளே வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஊர் என்று இருந்தால் ஏதாவது நடந்துகொண்டுதான் இருக்கும், அதற்கெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றால் கோழிக்குத் தீனி யார் வைப்பது?

ஹெப்சிபா மிஸ் தெற்கே நாசரேத்துப் பக்கத்துக்காரி, வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, யார் சொல்லியும் மாறாத பேச்சு. "எல்லாத்துக்கும் வெரி வெரின்னு போட்டுப் பேசுதது ஏழை இங்கிலீஷ். வெரி பிக், வெரி குட், வெரி சேட். அதை விட்டுத்தள்ளுங்க. உலகத்துல உள்ள ஒவ்வொண்ணுக்கும் ஒரு பணக்கார வார்த்தை இருக்கு, அதைத்தான் உங்களுக்குச் சொல்லித்தரப் போறேன்" என்பாள். சொல்லியும் தந்தாள். பலகையில் பொருளோடு ஒரு சொல் ஏறி, வகுப்பில் ஒருத்தர் அதைத் தன் சொந்த வாக்கியத்தில் வைத்துச் சொன்னால், அந்தப் பொருள் ஊரின் மேல் இறங்கிவிடும், பலகையைத் துடைத்தால் போய்விடும். இது தெரிந்ததும் கோழிப் பண்ணைக்காரர்கள் ஒன்றுகூடி வந்து, முட்டை நிறைய வருகிற மாதிரி ஒரு வார்த்தை வேண்டுமென்று கேட்க, மிஸ் அபண்டன்ட் என்று எழுதினாள். மறுநாள் சேவல்கூட முட்டையிட்டது, முட்டை விலை தரையில் விழுந்து உடைந்தது, பண்ணைக்காரர்களே ஓடிவந்து துடையுங்கள் துடையுங்கள் என்று கெஞ்சினார்கள். லாரி டிரைவர்களின் பெண்டாட்டிமார் சீக்கிரம் வீடு திரும்ப ஒரு வார்த்தை கேட்டார்கள், ஸ்விஃப்ட் வந்தது, கொல்கத்தாவுக்கும் நாக்பூருக்கும் போன லாரிகள் லோடை இறக்காமலே திரும்பிவந்து பேட்டையில் நின்றன, டிரைவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்ன ஏது என்று முழித்தார்கள். அதற்குப் பிறகுதான் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு கட்டுப்பாடு விதித்தார்: எந்த வார்த்தையானாலும் மதியமே தன்னிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், மாரியம்மன் கோயில் மைக்கில் பொருளோடு அறிவித்துவிட வேண்டும், ஜனங்கள் அதற்குத் தக்கபடி ஏற்பாடு செய்துகொள்வார்கள்.

ஆனால் அறிவித்தும் சில சொற்கள் ஊரை என்னவோ செய்துவிட்டன. ஹஷ் என்று எழுதிய நாளில் ஆயிரக்கணக்கான கோழிகள் அலகைத் திறந்து திறந்து மூடின, ஒரு சத்தமில்லை. தொட்டிலில் குழந்தைகள் முகம் சிவக்க அழுதன, தாய்மாருக்குக் காதில் விழவில்லை. அன்றைக்குப் பட்டறையில் சுத்தியல் விழுந்து ஒருவனுக்குக் கால் நசுங்கியபோது அவன் கத்தியதை யாரும் கேட்கவில்லை, அவன் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். லிங்கர் என்று எழுதி, போகாமல் தங்கி நிற்பது என்று பொருள் சொன்ன நாள் அதைவிட மோசம். காப்பி வாசம் தங்கியது, பீடிப் புகை தங்கியது, அது பரவாயில்லை. ரேஷன் கடை வரிசையில், செத்துப் பல காலமான ஒரு கிழவரின் இருமல் தங்கி நின்றது, ஜனங்கள் அந்த இருமலுக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கும் இடம் விட்டு வரிசையை நகர்த்தினார்கள். வீட்டுக்கு வீடு யாரோ ஒருத்தருடைய வளையல் சத்தம், செருமல், விபூதி வாடை. துளசிமணியின் வீட்டில் மட்டும் ஒன்றுமே தங்கவில்லை.

துளசிமணி முட்டைக் கிடங்கில் அட்டையில் முட்டை அடுக்குகிறவள். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வாக்கியம்கூடச் சொல்லாதவள். அவள் புருஷன் நாச்சிமுத்து, மகள் தாரணி ஆறாவது படிக்கும்போது, அஸ்ஸாமுக்கு முட்டை லோடு ஏற்றிக்கொண்டு, கிளீனர் காய்ச்சலென்று பாதியில் இறங்கிவிட்டதால் தனியாகப் போன டிரைவர். "தீவாளிக்கு வந்துருவேன் அம்மிணி, சித்த முன்னப்பின்ன ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தீபாவளி வந்தது, அவர் வரவில்லை. அதற்கப்புறம் ஒரு ஃபோன் வந்தது. பின்னால் மழைச் சத்தம், முன்னால் ஒரு ஆம்பிளைக் குரல் நீளமான இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிட்டது, திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அந்த நீள வாக்கியத்தில் துளசிமணிக்கு விளங்கிய ஒரே சொல், லேட். லாரியின் சொந்தக்காரர் போய்ப் பார்த்தபோது பிரம்மபுத்திரா கரையில் கதவு திறந்தபடி லாரி மட்டும் நின்றது, முட்டையெல்லாம் அழுகியிருந்தது, ஆளைக் காணவில்லை. லாரியை ஓட்டிக்கொண்டு வந்து விற்றுவிட்டார்.

கேட்டவர்களிடமெல்லாம் துளசிமணி, "லேட்டாகும்னு சொல்லீருக்காங்க" என்றாள். அந்தச் சொல்லை வைத்துத்தான் குங்குமம் வைத்தாள், தாலியைக் கழுத்தில் வைத்திருந்தாள். பூ மட்டும் வைக்க முடியவில்லை, கை தலை வரை போய்த் திரும்பிவிடும். கூளிப்பாளையத்துக்காரர்களுக்கு லேட் இரண்டு. பஸ் லேட், பால் லேட் என்பது ஒன்று. கல்யாணப் பத்திரிகையிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் பேருக்கு முன்னால் நிற்பது இன்னொன்று, அது திரு, திருமதி மாதிரி அச்சாபீஸ்காரர்கள் போடும் ஏதோ ஒரு மரியாதை, ஆள் செத்தால் தானாக வந்து ஒட்டிக்கொள்வது. இரண்டும் ஒரே சொல்லென்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. ஃபோனில் வந்தது எந்த லேட் என்பதுதான் துளசிமணியின் சந்தேகம், அதைத் தெரிந்துகொள்ளத்தான் கிடங்கு வேலை முடிந்து கை கழுவாமல்கூட அந்த மாடிப்படி ஏறினாள். மிஸ்ஸோ பணக்கார வார்த்தைகளையே எழுதிக்கொண்டிருந்தாள், லேட் போன்ற சில்லறை வார்த்தைக்குப் பலகையில் இடம் வரவேயில்லை.

தாரணிக்குத் திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா சென்னியப்பன், மனசில் கெடுதலில்லாத, ஆனால் எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டுமென்கிற மனுஷர், பத்திரிகை வாசகத்தோடு வந்து உட்கார்ந்து, மோரைக் குடித்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால என்னங்க போடறது? திருவா, லேட்டா?"

துளசிமணி காலி மோர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"திருன்னு போட்டா, சம்பந்தி எங்கன்னு நாலு பேர் கேப்பாங்க. லேட்டுன்னு போட்டா, செய்ய வேண்டியத மொதல்ல செஞ்சுபோடோணும். தாரை வார்க்கறப்ப நீங்க முன்னால நிக்கறதா, பின்னால நிக்கறதான்னு எங்களுக்குத் தெரியோணுமில்லீங்களா?"

"பேருக்கு முன்னால கொஞ்சம் எடம் உட்டு அச்சடிச்சுருங்க" என்றாள் துளசிமணி. "முகூர்த்தத்துக்குள்ள நா சொல்லிப்போடறேன்."

அப்படியே அச்சாகி வந்தது. தாத்தன்மார், அப்பச்சிமார் பேருக்கு முன்னாலெல்லாம் லேட் லேட் என்று நின்றது, நாச்சிமுத்து பேருக்கு முன்னால் மட்டும் வெறும் மஞ்சள் தாள். பத்திரிகை வாங்கிய ஒவ்வொருத்தர் கண்ணும் அந்த இடத்தில் போய் நின்றது. தாரணி அதைப் பார்த்துவிட்டு, "என்னத்தையோ ஒண்ணப் போட்டிருக்கலாம்மா, இது பாக்கவே பல்லு போன மாதிரி இருக்குது" என்று சொல்லி, பிறகு சொன்னதற்காக அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் துளசிமணி மத்தியானமே வகுப்புக்குப் போய், ஹெப்சிபா மிஸ் முன்னால் நின்றாள். "மிஸ், இன்னைக்கு லேட் எழுதோணும்."

"அது ஒண்ணாங்கிளாஸ் வார்த்தைம்மா."

"இருக்கட்டுங்க. பஸ் லேட்டுக்கும் பத்திரிகை லேட்டுக்கும் இங்கிலீஷ்ல வேற வேற வார்த்தைங்களா?"

மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். அந்த ஊருக்கு வந்து இத்தனை நாளில் அவளிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "இல்லம்மா. ரெண்டும் ஒரே வார்த்தைதான். தாமதமா வந்தாலும் லேட், செத்துப்போனாலும் லேட்."

"ஒரே வார்த்தையா?"

"ஒரே வார்த்தை."

துளசிமணி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் இரண்டில் எது என்று தேடிக்கொண்டிருந்தாள், இரண்டும் ஒன்றென்றால் தேடவே இடமில்லாமல் போயிற்று. மிஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த அர்த்தத்தைப் பலகையில எழுதணும், சொல்லு, அதை மட்டும் எழுதுதேன்" என்றாள். துளசிமணி ரொம்ப நேரம் யோசித்தாள். தாமதமென்று மட்டும் எழுதச் சொன்னால் தன்னையே ஏமாற்றிக்கொள்வது. மற்றதை மட்டும் எழுதச் சொல்ல அவளுக்கு வாய் வராது, எங்கேயாவது உயிரோடு இருக்கும் மனுஷனைத் தன் வாயால் கொன்றதாகிவிடும்.

"ரெண்டையும் எழுதுங்க மிஸ். எது அவரோடதோ அது வரட்டும்."

பஞ்சாயத்துத் தலைவரிடம் சம்மதம் கேட்டபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "லேட்டா? அது நம்மூர்ல தெனமும் இருக்கறதுதானுங்க, எழுதிக்கங்க" என்று மைக்கிலும் அறிவிக்கச் சொல்லிவிட்டார், பொருளைக் கேட்கவில்லை. சாயங்காலம் பலகையில் லேட் ஏறியது. ஒரு பக்கம் தாமதமான, இன்னொரு பக்கம் காலஞ்சென்ற. சொந்த வாக்கியம் யார் சொல்கிறீர்கள் என்று மிஸ் கேட்க, துளசிமணி வகுப்பில் முதல்முறையாக எழுந்து நின்றாள்.

"மை ஹஸ்பண்ட் இஸ் லேட்."

"எந்த அர்த்தத்துல?" என்றாள் மிஸ், வழக்கப்படி.

"அதைத்தானுங்க மிஸ் தெரிஞ்சுக்கோணும்."

மறுநாள் கூளிப்பாளையத்தில் சூரியன் லேட்டாக உதித்தது. சேவல்கள் முன்பே கூவியிருந்தன, கூவிய சத்தம் வெயில் ஏறிய பிறகுதான் வந்து சேர்ந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, பொங்கும் சத்தம் பின்னால் வந்தது. ஜனங்கள் பேசினால் உதடு முதலிலும் பேச்சு பிறகும் வந்தது, அதனால் ஒருத்தர் முடித்தபின் கொஞ்சம் காத்திருந்து அடுத்தவர் ஆரம்பித்தார்கள், அன்றைக்கு ஒரு சண்டைகூட நடக்கவில்லை. நல்ல நேரம் தவறிப்போகுமோ என்று யாரும் பயப்படவில்லை, கடிகாரமும் லேட், கிரகங்களும் லேட், ஆகவே முகூர்த்தம் சரியாகத்தான் இருக்குமென்று ஜோசியர் சொல்லிவிட்டார்.

கல்யாண மண்டபத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் பஸ் ரோட்டைப் பார்த்தது, பின்வாசல் சமையல்கட்டையும் அதற்கப்பால் இடுகாட்டுப் பாதையையும் பார்த்தது. நாதஸ்வரக்காரர்கள் வந்து உட்கார்ந்தபோது, பின்வாசல் வழியாக அவர்களும் வந்தார்கள். பத்திரிகையில் பேர் போட்டு அழைத்திருக்கிறதே, வராமல் இருப்பார்களா? லேட் பழனியப்பன், லேட் ராமாத்தாள், லேட் சின்னக்காளை, தாரணியின் தாத்தன் லேட் குப்பண்ணன், இன்னும் பத்திரிகைக்கு வெளியே ஊரில் யார் யார் பேருக்கு முன்னால் அது ஒட்டியிருந்ததோ அத்தனை பேரும், வேட்டியில் செம்மண்ணோடு, நிதானமாக நடந்துவந்து முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பிறகு யாரோ ஒரு பெண் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடமும் நீட்டினாள், பன்னீர் தெளித்தார்கள், மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பினார்கள். குளிர்ந்த மண் வாடை மட்டும் பன்னீரையும் மீறி வந்துகொண்டிருந்தது. சென்னியப்பன், "எங்க பக்கம் இந்த வழக்கமில்லீங்க, ஆனாப் பெரியவங்க வந்தா நல்லதுதான்" என்று சொல்லித் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

துளசிமணி முன்வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். நாச்சிமுத்து இல்லை. மாமனார் குப்பண்ணன் முன்னால் போய்க் குனிந்து கேட்டாள்.

"ஏனுங்க மாமா, உங்க மகன் அங்க இருக்காருங்களா?"

குப்பண்ணனின் உதடு அசைந்தது, குரல் கொஞ்சம் கழித்து வந்தது. "எங்க கூட்டத்துல இல்ல அம்மிணி."

அவளுக்கு அந்த நிமிஷம் வந்த சந்தோஷத்தை எதோடும் ஒப்பிட முடியாது. செத்தவர்களெல்லாம் வந்தாயிற்று, அவர்களில் அவர் இல்லை, அப்படியானால் அவர் தாமதம் மட்டும்தான். சமையல்கட்டுப் பெண்கள் முன்னால், வெட்கமே இல்லாமல், ஒரு முழம் மல்லிகையை எடுத்துக் கொண்டையில் சுற்றிக்கொண்டாள். கை இந்த முறை திரும்பவில்லை. சென்னியப்பனிடம் போய், "திருன்னு போட்டுக்கங்க" என்றாள். தாரை வார்க்கையில் முன்னால் நின்றாள். தாலி கட்டியபோது மேளம் அடித்தவர்களின் கை ஓடியது, கெட்டிமேளச் சத்தம் மட்டும் வரவில்லை, மாப்பிள்ளை மூன்றாம் முடிச்சுப் போட்டு நிமிர்ந்து, அட்சதை விழுந்து, அவர்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துத் துணி மூடிய பிறகு, ஆளில்லாத மேடையின் மேலே அது வந்து முழங்கியது.

பந்தியில் பெரியவர்களை முதலில் உட்கார வைத்தார்கள். சாப்பிட்டார்கள், அல்லது சாப்பிட்டது போல் இருந்தது, சோறு குறைந்ததா என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை. எழுந்திருக்கும்போது கல்யாண வீட்டு வழக்கப்படி இலையைத் தம் பக்கமாக மடிப்பதற்குப் பதிலாக, எழவு வீட்டில் செய்வதுபோல் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டுப் போனார்கள். பரிமாறியவர்கள் அதைக் கண்டும் காணாமல் இலையை எடுத்தார்கள். செத்தவர்களுக்கு அதுதானே வழக்கமாகியிருக்கும், அதையெல்லாம் போய்க் குறை சொல்வதா?

துளசிமணி முன்வாசலிலேயே நின்றாள். ஒவ்வொரு பஸ்ஸும் லேட்டாக வந்தது, ஒவ்வொன்றிலிருந்தும் ஆட்கள் இறங்கி, சாரிங்க, லேட்டாயிருச்சு என்று சொல்லிக்கொண்டே மொய் வைக்க ஓடினார்கள். வெயில் சாய்ந்தது, பந்தி முடிந்து எச்சில் இலைகளை வண்டியில் ஏற்றினார்கள், வாழைமரத்தை ஆடு கடித்தது. அப்போது ரோட்டோரமாக, தோளில் துண்டு போட்டு, அன்றைக்குப் போன அதே காக்கிச் சட்டையோடு, நாச்சிமுத்து நடந்து வந்தார். முன்வாசல் வழியாகத்தான் வந்தார். சட்டை நனைந்திருந்தது, கூளிப்பாளையத்தில் எங்கேயும் மழையில்லை. அவருக்கு வயசு ஏறவேயில்லை என்பதையும் துளசிமணி பார்த்தாள், பார்த்ததை மனசுக்குள் எடுத்துக்கொள்ள மறுத்தாள்.

அவர் சிரித்தபடி கேட்டார், கேட்ட சத்தம் மெதுவாக வந்தது. "ரொம்ப லேட்டாயிருச்சா அம்மிணி?"

"லேட்டுத்தானுங்க. அதனால என்ன, வாங்க" என்றாள் துளசிமணி, கண்ணீர் தாரையாக ஓட.

ஊர் அவரை ஏற்றுக்கொள்ள ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வாங்க, வாங்க என்றார்கள், ரோடெல்லாம் எப்படி இருக்குதுங்க என்று லாரிக்காரர்கள் கேட்டார்கள். சென்னியப்பன், "சம்பந்தி வந்துட்டாரு பாருங்க, நா அப்பவே சொன்னேன்" என்று சொல்லாததைச் சொன்னார். தாரணி மாப்பிள்ளையோடு வந்து காலில் விழுந்தாள். நாச்சிமுத்து மகளின் தலையைத் தொட்டார், அவள் எழுந்து நின்றபோது நெற்றியிலிருந்து நீர் சொட்டியது, பட்டுப்புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள்.

துளசிமணி அவருக்குத் தனி இலை போட்டு, தானே பரிமாறினாள். பருப்பு, நெய், ரசம், அவருக்குப் பிடித்த தயிர்வடை. அவர் குனிந்து உட்கார்ந்து கையை இலையில் அளைந்துகொண்டிருந்தார். "பூ வெச்சிருக்கற" என்றார் ஒருதரம், நிமிர்ந்து பார்த்து. அவளுக்கு இருபது வயசுப் பெண்போல முகம் சூடானது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவர் போதுமென்று கையைக் காட்டி, இலையின் ஓரத்தைப் பிடித்து மடித்தார். எதிர்ப்பக்கமாக மடித்தார்.

துளசிமணி அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்டியைக் கீழே வைத்தாள். குனிந்து, அவர் மடித்த இலையைப் பிரித்து, அவர் பக்கமாகத் திருப்பி மடித்து வைத்தாள்.

"கல்யாண ஊட்ல அப்பிடி மடிக்கக் கூடாதுங்க."

"அட, ஆமா" என்றார் நாச்சிமுத்து, கொஞ்சம் வெட்கப்பட்டு. "பழகிப்போச்சு அம்மிணி."

அவளுக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். "உங்கப்பன் எங்க கூட்டத்துல இல்லீன்னு சொன்னாரே!"

"அவிங்கெல்லாம் பக்கத்துல இருந்து வந்தவிங்க. நா அத்தாத்தண்டி ஆத்துக்கடியில இருந்துல்ல எந்திரிச்சு வரோணும். தூரமில்லையா?"

"ஒரு வார்த்தை சொல்லி உட்டிருக்கலாமுங்கல்ல. இத்தன வருசம். ஒரே ஒரு வார்த்தை."

"ஃபோன்ல சொன்னாங்கல்ல?"

"எனக்கு அதுல ஒரு வார்த்தைதானுங்க வெளங்குச்சு."

"அந்த வார்த்தைதான் சேதி அம்மிணி" என்றார் அவர், ஆறுதலாக.

சாயங்காலம் வகுப்புக்கு நேரமானபோது துளசிமணி அவரையும் கூட்டிக்கொண்டு படியேறினாள். ஊர் அதற்குள் இரண்டு கட்சியாகியிருந்தது. செத்த புருஷனை, செத்த தாயை வீட்டில் உட்கார வைத்து முகம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலகையைத் துடைக்கவே கூடாதென்றார்கள். பால் வண்டிக்காரர்களும் பஸ்காரர்களும் துடைத்தே ஆக வேண்டுமென்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர், காலையில் வந்த தன் செத்த அண்ணனோடு பாகப்பிரிவினையைப் பேச வேண்டி வருமோ என்ற பயத்தில், துடைக்கும் கட்சியில் இருந்தார். ஹெப்சிபா மிஸ் டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றாள், துளசிமணியையும் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்த நனைந்த மனுஷனையும் பார்த்தாள்.

"துளசிமணி, இன்னொரு நாள் இருக்கட்டுமா? இன்னைக்கு வேற வார்த்தை எழுதாட்டி ஒண்ணும் குடி முழுகிராது."

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. இன்னொரு நாள், அதற்கப்புறம் இன்னொரு நாள், இப்படியே எதிர்ப்பக்கம் மடிக்கும் இலைகளைத் திருப்பித் திருப்பி மடித்துக்கொண்டே காலத்தைத் தள்ளிவிடலாம். ஆனால் அவள் இத்தனை வருஷம் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்? புருஷனைப் பார்த்தாள். அவர் காலடியில் தண்ணீர் தேங்கிக் கதவுவரை ஓடியிருந்தது. தூக்கம் கலைந்து எழுப்பப்பட்டவர்போல் சோர்ந்திருந்தார்.

"குளிருதுங்களா?"

"கொஞ்சம்."

துளசிமணி எழுந்து மிஸ்ஸின் கையிலிருந்து டஸ்டரை வாங்கினாள். முதலில் தாமதமான என்பதைத் துடைத்தாள். அந்தக் கணமே ஊரில் பாக்கியிருந்த சத்தமெல்லாம், காலையிலிருந்து வர வேண்டியிருந்த கூவலும் விசிலும் சிரிப்பும் அழுகையும், ஒன்றாக வந்து விழுந்து ஓய்ந்தன. திரும்பிப் பார்த்தாள். நாச்சிமுத்து அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்கப்புறம் காலஞ்சென்ற என்பதைத் துடைத்தாள், கடைசியில் லேட் என்பதையும் ஒரு எழுத்து மிச்சமில்லாமல் துடைத்தாள். ஊர் முழுக்க வீடுகளில் நாற்காலிகள் காலியாகிற அமைதி மாடிவரை கேட்டது. பெஞ்சில் யாருமில்லை, ஈரம் மட்டும் இருந்தது.

மிஸ் சாக்பீஸை எடுத்தாள், எதுவும் எழுதாமல் திரும்ப வைத்தாள். துளசிமணி தன் இடத்தில் போய் நின்றாள். கொண்டையில் பூ அப்படியே இருந்தது, அதை அவள் எடுக்கவில்லை. கேட்காமலே சொன்னாள், கண்ணைத் துடைக்காமல், ஒவ்வொரு சொல்லாக.

"மை ஹஸ்பண்ட் இஸ் லேட்."

எந்த அர்த்தத்தில் என்று ஹெப்சிபா மிஸ் கேட்கவில்லை.

"கரெக்ட்" என்றாள். "சிட் டவுன்."

துளசிமணி உட்கார்ந்தாள், அந்த ஈரத்தின் மேலேயே.